இன்னும் அஞ்சு வருசம்

"ஏழு கோல் வாங்கியிருக்கம் மாஸ்டர்! சுனாமிக்குப் பிறகு ஒரு மெட்ச்சாவது வெண்டிருக்கமா?"

பாண்டிருப்பு மைதானத்தில் நின்று றவூப் கத்தினார். கல்முனைக்குடியிலிருந்து ஒரு மெட்ச்சும் தவறாமல் வருகிற ரசிகர்.

பயிற்சியாளர் நல்லரெத்தினம் பந்துகளைப் பையில் போட்டபடி சொன்னார்: "புது டீம் கட்டுறன் றவூப். சின்னப் பொடியன்மார் வளரட்டும். இன்னும் அஞ்சு வருசம் பொறுங்க."

"பால்குடிப் புள்ளையளை வெச்சா டீம் கட்டுற? உங்கட மகன் கிசோக் எங்க? அவன் இருந்தா இப்பிடித் தோப்பமா?"

"அவன் கட்டாருக்குப் போயிட்டான். எத்தின தரம் சொல்ற?"

"மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டு எங்களைப் பொறுக்கச் சொல்றீங்க! வெக்கமா இல்லையா?"

கோல் கம்பத்தருகே ஒரு வெள்ளை வான் நின்றது. மீசை அரும்பிய பொடியன்களை ஆயுதம் தூக்க ஊரில் பிடித்து ஏற்றிக்கொண்டு போகிற வான். அதிலிருந்த இருவரும் சண்டையை முழுவதும் கேட்டார்கள். சிறுவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, வானைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

நல்லரெத்தினத்தின் கையிலிருந்து ஒரு பந்து நழுவி உருண்டது. வான் போன பாதையைப் பார்த்தபடியே றவூப் அதை எடுத்துக் கொடுத்தார்.

கல்முனைக்குடியில் றவூப் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முனவ்வறா கதவைத் தாழிட்டாள். றவூப் பின்னறைக்குப் போய் நெல் மூட்டைகளை நகர்த்தினார். வெயில் படாமல் வெளிறிப்போன ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"எத்தின கோல் மாமா?"

"ஏழு."

"அப்பா என்ன சொன்னாரு?"

கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையோடு, கிசோக்கின் முகத்தைப் பார்க்காமல் றவூப் சொன்னார்:

"இன்னும் அஞ்சு வருசம் பொறுக்கட்டாம்."