இணைக்க மறந்த படம்

அந்த அலுவலகச் சர்வரில் மின்னஞ்சல்கள் ஓரிடத்திலும் அவற்றோடு வந்த படங்கள் வேறோரிடத்திலும் இருக்கும். எந்த மடலுக்கும் சொந்தமில்லாத படங்களைத் தேடிப்பிடித்து அழிப்பதுதான் சர்வர்க்காரருக்கு அன்றைய வேலை. மாலையில் ஒரே ஒரு படம் மிஞ்சியது. அது எந்த மடலுடையது என்று தேடினார். போன வருடம் இறந்துபோன மனைவி அவருக்கு எழுதிய கடைசி மடலைத் திரை காட்டியது.

அவள் எப்போதும் அப்படித்தான். படம் அனுப்பியிருப்பதாக எழுதுவாள், இணைக்க மறந்துவிடுவாள். "நல்லவேளை, தலை கழுத்தோட ஒட்டியிருக்கு. இல்லேன்னா அதையும் எங்கேயாவது வச்சிட்டு வந்திருப்பே" என்று இவர் கிண்டலடிப்பார். கடைசி மடலிலும் அதே கதைதான்: "வீட்டுக்கு வந்துட்டேன். படம் பாருங்க." படம் இல்லை. அவளும் வீடு வந்து சேரவில்லை, வழியிலேயே விபத்து. பஸ் ஏறும்போதே வந்துவிட்டேன் என்று எழுதுகிறவள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

படத்தைத் திறந்தார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து எடுத்தது. எதிரே அவர் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. அந்தப் பொத்தான் இன்று காலையில்தான் அறுந்தது.

"சார், அந்த ஒண்ணையும் அழிச்சிட்டா வீட்டுக்குக் கிளம்பலாமே?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

அவர் ஊக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"வேண்டாம்மா, அதுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. நீ கிளம்பு."

அவருக்குத்தான் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.