ஏழு வார்த்தை அதிகம்

சாயங்கால வெயில் நேரா கம்ப்யூட்டர் மேலயே விழுது, என் மருமக ஒரு கையால திரைக்கு நிழல் கொடுத்துக்கிட்டே உக்காந்திருக்கா. நர்ஸ் வேலை பாத்துக்கிட்டே மேல படிக்க விண்ணப்பம் போடுறா. கூட அனுப்புற கட்டுரை ஐநூறு வார்த்தையத் தாண்டினா வாங்கவே மாட்டாங்களாம், அதுவும் அஞ்சு மணிக்குள்ள. திரைக்கு அடியில பொடி எழுத்துல 507னு நிக்குது. காலையில அறுநூத்திப் பத்து! கீரை ஆயுற மாதிரி ஆய்ஞ்சு இங்க கொண்டாந்துட்டா. "இனிமே கைவைக்க இடமில்ல அத்தை, ஆனா முடிச்சிடுவேன்"ங்கிறா, குரல்ல நடுக்கமே இல்ல. டீ ஆத்திக்கிட்டே என் பையன் குனிஞ்சு பாக்குறான். "இந்தக் கடைசி வரி எதுக்கு?" 'என் கணவர் துணை இல்லாவிட்டால் இந்தத் துணிச்சல் வந்திருக்காது'னு இருக்கு. "அதத் தொடாதீங்க!" அவன் மவுஸைப் புடிச்சு அந்த வரிய நீலமாக்குறான், அடியில '507-இல் 7'னு வருது. "அளவெடுத்த மாதிரி இருக்கேன் பாரு. நான்தான் பக்கத்துலயே நிக்கிறேனே, எழுதி வேற வைக்கணுமாக்கும்?" அவன் கையத் தட்டி விட்டுட்டு, அழிக்கிற பட்டன அவளே அமுக்குறா. 500. அவனோட டீயப் புடுங்கி ஒரு வாய் குடிச்சிட்டு, 'அனுப்பு'ங்கிற இடத்துல தட்டுறா.