கைக்கடிகாரத்தின் கவலை

மலையூருக்கு மாற்றலாகி வந்த செண்பகவல்லி காலையில் வேகநடை போகத் தொடங்கியதும், இதயத்துடிப்பை அளக்கும் அவள் கைக்கடிகாரத்துக்கு நிம்மதி போயிற்று. முதல் நாள் ஏற்றத்திலேயே இதயம் தடதடவென்று அடித்தது.

“அண்ணே, காத்து கம்மியான ஊரு! வெடிச்சிடப் போறீங்க, நில்லுங்க!” என்று கடிகாரம் அலறியது.

“மெல்லப் பழகிக்கிறேன்டா” என்றது இதயம்.

ஒரு மாதம் போயிற்று. அதே ஏற்றத்தில் இதயம் இப்போது பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் நிதானமாக அடித்தது.

“என்னண்ணே, சத்தம் குறைஞ்சிருச்சு? உசுரோடதான் இருக்கீங்களா?”

“நல்லாத்தான் இருக்கேன். நீ கொஞ்சம் சும்மா இரு!”

இருக்குமா? வழியெல்லாம் அலறியது. உச்சியை எட்டியபோது சார்ஜ் தீர்ந்து, கடிகாரத்துக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக அதன் காதில் விழுந்தது இதயத்தின் உற்சாகக் குரல்தான்:

“அடுத்த மலைக்கும் போவமா தம்பி?”