துருத்தியை மிதிப்பவன்

நண்பகல் வெயிலில் கொச்சிக்கடையில் கொப்பறா அடுக்கிவைத்த கிட்டங்கியின் கதவு வழியே கரும்புகை திரண்டு வெளியேறுகிறது. எண்ணெய் கருகும் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. உள்ளே சுமைதூக்குகிறவர்கள் சிக்கியிருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரி விசில் ஊதி அவசரப்படுத்துகிறார். தீயணைப்புக்கார மஷூர் தோல் முகமூடியைக் கையில் எடுக்கிறான். அதிலிருந்து நீளும் குழாயின் மறுமுனையில் துருத்தி இருக்கிறது. வெளியே ஒருவன் அதை மிதித்தால்தான் உள்ளே போகிறவனுக்கு மூச்சு. மிதிப்பவனை உள்ளே போகிறவனே தேர்ந்துகொள்வது இவர்கள் வழக்கம். போன கிழமை அடிபிடியில் தன் பல்லை உடைத்த சக தீயணைப்புக்காரன் அமிர்தநாதனை மஷூர் சுட்டிக்காட்டுகிறான்.

"உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையாடா?"

"கூட்டாளி மிதிச்சா வாய் பாத்துட்டு நிப்பான். நான் மௌத்தானா நீதான் கொன்னதெண்டு ஊரே சொல்லும். மிதி."

மஷூர் புகைக்குள் மறைகிறான். துருத்தி விம்மி இறங்குகிறது, மறுபடி விம்முகிறது. உள்ளே ஓடுகள் வெடித்து விழுகின்றன. கூட்டம் அமிர்தநாதனின் கால்களையே பார்க்கிறது.

"வேணுமெண்டே மெல்லமா மிதிக்கிறான் பார்," என்கிறான் ஒருவன்.

"பொத்தடா வாயை!" அமிர்தநாதன் உறுமுகிறான்; கால் நிற்கவில்லை. வியர்வை கண்ணுக்குள் வழிகிறது, அதைத் துடைக்கவும் இல்லை.

மஷூர் ஒருவனைத் தோளில் சுமந்து வெளியே வருகிறான். அவனைக் கிடத்திவிட்டு, முகமூடியை உயர்த்தி, உடைந்த பல்லிடுக்கால் துப்புகிறான். எச்சில் அமிர்தநாதனின் சப்பாத்தருகே விழுகிறது.

"உள்ள இன்னொருத்தன் ஈக்கான்," என்று முகமூடியை இறக்குகிறான்.

துருத்தி இன்னும் நிற்கவேயில்லை.