வெட்டாத படம்

முதலில் சத்தம்தான் வந்தது. ஹோவென்ற காற்று, தகரம் அடிபடுகிற சத்தம், கடல் இரைச்சல்.

கூட்டத்துக்குச் சமைக்க வந்து, மண்டபத்துக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மு குல்தூம் பதறி எழும்பி வாசலால் எட்டிப் பார்த்தார். வானம் பளிச்சென்று கிடந்தது. ஆலங்குடாக் கடலில் இரண்டு வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கி விளையாடினார்கள்.

சத்தம் மண்டபத்து ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"பயந்துட்டீங்களா தாத்தா?" லெப்டொப்போடு இருந்த இனாஸ், சொந்த அக்காவிடம் கேட்பதுபோல் கேட்டுச் சிரித்தான். "படம் இன்னும் வரல்ல. சத்தம் மட்டும்தான் வருது."

"என்ன கூட்டம் தம்பி இது?"

"புயல் வந்தா எல்லாரும் உள்ளுக்கு ஓடுவாங்க. நாங்க கெமராவத் தூக்கிட்டு வெளியால ஓடுவோம். அந்தக் கூட்டம்."

"அப்ப பைத்தியக்காரக் கூட்டம் எண்டு சொல்லுங்க."

சிலாபம், முந்தல், தில்லையடி என்று இருபது பேர் வந்திருந்தார்கள். தலைவர் ஃபஸ்லான் மைக்கைத் தட்டினான்.

"முதல் விஷயம், றுஷ்னா டீச்சர்ட விஷயம்."

கடைசி வரிசையில் இருந்த றுஷ்னா நிமிர்ந்தாள். தில்லையடியில் கணிதம் படிப்பிக்கிறவள். குழுவில் இருக்கிற ஒரே பெண்.

"போன நவம்பர்ப் புயலுக்கு நீங்க லைவ் போட்டீங்க. பதினோராயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தாங்க. போட் கவிழப்போகுது. சரியா அந்த நேரம் லைவ வெட்டிட்டீங்க. ஏன்?"

"கை நடுங்கிச்சு நானா," என்றாள், அண்ணனிடம் சொல்வதுபோல்.

"கை நடுங்கினா கரும்பலகையில எழுதுங்க. புயலுக்கு என்னத்துக்கு வாறீங்க?"

சிரிப்பு எழுந்தது. "பயத்துல வேனுக்குள்ள ஒளிஞ்சிருப்பா!" என்றது ஒரு குரல்.

குழுவில் மூத்தவரான சாள்ஸ் கையமர்த்தினார். "விடுங்க தம்பி. ரெண்டு பேர் இருந்த போட். ஒருத்தர்தான் திரும்பினார். மற்றவரை மூணாம் நாள்தான் எடுத்தாங்க. ஒரு பொம்பளப் பிள்ளைக்கு அதப் பார்க்க ஏலாமப் போயிருக்கும்."

றுஷ்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்படி விட ஏலாது சாள்ஸ் அண்ணன். நம்மட சட்டம் ஒண்டுதான். எது நடந்தாலும் வெட்டக் கூடாது. வெட்டுறவங்களக் குழுவுல வச்சிருக்க ஏலாது."

"நானா, குழுவ விட்டு மட்டும் எடுத்துராதீங்க," றுஷ்னா எழும்பி நின்றாள். "இதுல இருந்தாத்தான் காத்துட வேகக் கணக்குக் கிடைக்கும். சுபஹுத் தொழுகைக்கு முந்தி நான் அத எழுதி அனுப்புறதப் பார்த்துத்தான் முப்பது நாப்பது போட் கடலுக்கு இறங்குது."

"அதுக்குக் கரையோரத்துல ரேடியோ இரிக்கி டீச்சர்," என்றான் ஃபஸ்லான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். "அதே போட்ட நானும் எடுத்தன். கட்டி முடியாத ஹோட்டல் ஒண்டுட மேல்மாடியில நிண்டு, இருபத்திரெண்டு நிமிஷம். நீங்க ஃபேஸ்புக்குல பார்த்தது போட் புரளுற ஒரு நிமிஷம் மட்டும், போனுக்கு ஏத்தமாதிரி ரெண்டு பக்க ஓரத்தையும் நீக்கி, பாட்டுப் போட்டது. இண்டைக்கு ஒரிஜினல், நானே இன்னும் முழுசாப் பார்க்கல்ல. ஒரு செக்கன்கூட வெட்டல்ல. பாருங்க. பார்த்துட்டு, டீச்சர் வேணாம் எண்டுறவங்க கையத் தூக்குங்க. போடு இனாஸ்."

திரையில் கடல் எழும்பியது. ஒரு சின்னப் போட் அலைக்கு மேலே ஏறி, நின்று, அப்படியே புரண்டது.

"ஷா! என்ன ஷொட்!" மண்டபம் கை தட்டியது.

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த உம்மு குல்தூம் வாசலில் நின்றுவிட்டார். "யா அல்லாஹ்! மனிசர் விழுறாங்க, கை தட்டுறீங்களே!"

ஒருவர் காதிலும் அது விழவில்லை.

படத்தின் இடது ஓரத்தில் செம்மஞ்சள் நிறமாக ஏதோ அசைந்தது. மழைக் கோட் போட்ட ஓர் உருவம். குனிந்து ஒரு தென்னையில் கயிற்றைக் கட்டியது. மறு நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. இடுப்பளவு. நெஞ்சளவு. கயிற்றை எறிந்தது. தவறியது. மறுபடி எறிந்தது. ஒரு கை அதைப் பிடித்தது.

கைதட்டல் நின்றுபோயிருந்தது.

அந்த உருவம் விழுந்து எழும்பி, ஒரு மனிசனைக் கரைக்கு இழுத்துப் போட்டது. கோட்டின் முதுகில் குழுவின் பெயர் தெரிந்தது.

"ஆரது?" என்று எழும்பினார் சாள்ஸ்.

காற்று கோட்டின் தலைமூடியைப் பின்னால் தள்ளியது.

இருபது தலைகள் கடைசி வரிசைக்குத் திரும்பின. றுஷ்னா திரையைப் பார்க்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மற்றவர்ட கையும் கயித்துல பட்டது," என்றாள். "பிடிக்கிறதுக்குள்ள அலை வந்திட்டு."

திரையில் அவள் இரண்டாம் தரம் கயிற்றைத் தூக்கிக்கொண்டு, படத்தின் நட்டநடுவால் கடலை நோக்கி ஓடினாள்.

ஃபஸ்லானின் முகம் திடீரென்று மாறியது. "இனாஸ், நிப்பாட்டு."

இனாஸ் நிப்பாட்டவில்லை.

காற்றின் இரைச்சலுக்கு மேலால், கெமராவுக்குப் பக்கத்திலிருந்து, ஸ்பீக்கரில் ஃபஸ்லானின் குரல் தெளிவாக வந்தது.

"டேய், எங்கட கோட்டப் போட்டுக்கிட்டு ஆருடா குறுக்கால ஓடுறது? விலகச் சொல்லுங்கடா, ஷொட் பழுதாகுது!"

ஒரு கையும் உயரவில்லை.

உம்மு குல்தூம் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். பகல் சோற்றுக்கு இன்னும் மூன்று தேங்காய் துருவ வேண்டியிருந்தது.