நாடாவில் மீதி இருந்தது

வேதப்புத்தகத்தின் மேல் வைத்த கையின் சூடு ஆறுவதற்குள் எல்வுட் ரூப் பொய் சொன்னார்.

"இதுல மதம் எங்கங்க வந்துச்சு? உயிர்களை யாரோ அறிவோட வடிவமைச்சிருக்காங்கன்னு சொல்றோம். அது யாருன்னு சொன்னோமா? சுத்தமான அறிவியல்ங்க இது."

நீதிமன்றத்தின் மூன்றாவது வரிசையில் வெர்னா ஹாஸ்டெட்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பேச்சுக்காகத்தான் எட்டு மாதமாகக் காத்திருந்தாள்.

ரூப் பள்ளி வாரியத் தலைவர். பரிணாமம் வெறும் ஊகம்தான், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று இன்னொரு விளக்கமும் உண்டு என எழுதிய தாளை உயிரியல் வகுப்பில் வாசிக்கச் சொல்லி உத்தரவு போட்டவர். அரசுப் பள்ளியில் மதத்தைப் போதிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள்.

ஆசிரியர்களில் வாசிக்க மறுத்தவர் ஒரே ஒருவர். வெர்னாவின் கணவர் லைல்.

ஊர் அவரோடு பேச்சை நிறுத்தியது. சபையில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. குரங்கின் வாரிசுக்கு என்பதுபோல, காருக்கு மேல் யாரோ வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டுப் போனார்கள். லைல் அதை எடுத்து எருக்குழியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

பிப்ரவரியில் ஒரு காலை, வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தவர் மண்வாரியோடு சரிந்தார்.

அடக்கம் முடிந்த அன்று ரூப் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கோடு வீட்டுக்கு வந்தார். "கர்த்தரோட சித்தம், சிஸ்டர். மனசைத் தேத்திக்கோங்க" என்றார்.

வெர்னா கிழங்கைக் குப்பையில் கொட்டினாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

நடக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கேட்பதற்காகச் சபையில் ஜெபக்கூட்டங்களை ஒலிநாடாவில் பதிவு செய்வது வழக்கம். அதில் ஒன்றை எடுத்துப்போய்ப் பெற்றோர் தரப்பு வழக்கறிஞரிடம் கொடுத்தாள். கேட்டு முடித்ததும் அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வேண்டிய இடத்தை மட்டும் போட்டால் போதுமே என்றார்.

"முழுசா ஓடட்டும்" என்றாள் வெர்னா.

இப்போது வழக்கறிஞர் ரூப்பிடம் கேட்டார்: "சபையில இதைப் பத்தி நீங்க பேசினதே இல்லையா?"

"ஒருநாளும் இல்ல."

நாடா ஓடியது. ரூப்பின் குரல் நீதிமன்றத்தை நிறைத்தது.

"கர்த்தர்னு சொன்னா கோர்ட்டு கதவைச் சாத்திடும், பிரதர். அதனால பேரைச் சொல்லாம உள்ள கூட்டிட்டுப் போயிடுவோம். அப்புறம் பிள்ளைங்களே கேட்பாங்க, யாரு இவருன்னு!"

நாடாவில் சிரிப்பு. ஆமென், ஆமென் என்று குரல்கள்.

கூண்டில் ரூப்பின் முகம் வெளுத்தது. அவருடைய கண்கள் வரிசை வரிசையாகத் தேடி, வெர்னாவிடம் வந்து நின்றன. அவள் பார்வையைத் திருப்பவில்லை. லைல் போனபிறகு எதிலும் ருசி தெரியாதிருந்த நாக்கில் முதல்முறையாக ஏதோ தித்தித்தது.

நாடாவில் மீதி இருந்தது. வழக்கறிஞர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், கண்ணீரோடு ஜெபித்தது.

"ஆண்டவரே, எங்க வீட்டுக்காரர் லைல் இதுக்குக் குறுக்க நிக்கிறாரு. சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. அவர் வாயை நீரே கட்டிப்போடும், ஆண்டவரே."

ஆமென் என்றது சபை.

யாருடைய குரல் என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. வெர்னா தானாகவே எழுந்து நின்றாள்.