எட்டாவது பீரங்கி அறை

மூன்றாவது ஆணியும் வளைந்தது.

"உங்கப்பா இந்த ஒத்த ரூமை வாங்கி, மிச்ச வீட்டைத் தனியாளா கட்டினாரு. அவர் படத்தை மாட்ட உனக்கு ஒரு ஆணி அடிக்கத் துப்பில்ல" என்றாள் மாமியார், ஸ்டூலைப் பிடித்தபடி.

"நான் என்னம்மா பண்ணட்டும்? இந்தச் செவுரு உன் மருமக மனசு மாதிரி. எதுவும் உள்ள இறங்க மாட்டேங்குது."

மருமகள் நிமிரவில்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டு பழைய படங்களை அருகருகே வைத்து, இரட்டை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யுத்தகாலத்தில் இந்தக் கரையை விமானத்திலிருந்து எடுத்த படங்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் மரமும் மணல்மேடும் மெல்ல எழுந்து நிற்கும்.

கடலைப் பார்த்தபடி பீரங்கிக்காகக் கட்டிய கான்கிரீட் அறைகள் மொத்தம் எட்டு. இன்று எதுவும் கண்ணில் படாது. ஊர் வளர்ந்து மூடிவிட்டது. அவை இருந்த இடத்தைச் சொல்வது அவள் வேலை. ஏழு இடங்களைச் சொல்லிவிட்டாள். சொன்ன இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளும். அங்கே இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும்.

ஆகாயத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் முகம் கிடையாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

வாசலில் தையல்கடைக்காரி வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. ஏழாவது என் கடைக்கு அடியில இருக்குன்னு நீங்கதான் எழுதினீங்களாம்."

"ஆமாம்மா."

"அதைக் கடல் கொண்டுபோயிடுச்சுன்னு மாத்தி எழுதிடுங்கக்கா. வருஷா வருஷம் கரை அரிக்குது. யாரு வந்து தோண்டிப் பாக்கப்போறா?"

அவள் ரவிக்கைத் தோளில் நூலோடு ஓர் ஊசி குத்தியிருந்தது. யாருடைய துணியையோ பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். இரக்கம் லென்ஸில் படிகிற தூசி மாதிரி. உடனே துடைத்துவிட வேண்டும்.

"படத்துல நிழல் தெளிவா விழுந்திருக்கு. உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு எழுத முடியுமா?"

தையல்கடைக்காரி படியிறங்கினாள்.

"கல்நெஞ்சுடியம்மா உனக்கு" என்றாள் மாமியார். அவளுக்கோ அது பாராட்டுப் பத்திரம் வாசித்ததுபோல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது; ஆனாலும் இனித்தது.

போன் அடித்தது. மேலதிகாரி.

"எட்டாவது கிடைச்சுதாம்மா? இன்னிக்கு அறிக்கையை அனுப்பியாகணும்."

"இந்தப் படத்துலதான் சார் இருக்கணும். பாத்துட்டுக் கூப்பிடறேன்."

கிடைத்தது. மேலே ஓலை பரப்பி மறைத்திருந்தார்கள். நிழலை மறைக்க மறந்திருந்தார்கள். மணலில் கத்தியால் கீறியதுபோல் நேரான விளிம்பு. வாய்க்கால் வளைவையும் கரும்பாறையையும் அந்தச் சதுரத்தையும் கண்ணாடித்தாளில் வரைந்தாள். போன மாதம் ட்ரோன் எடுத்த படத்தின்மேல் தாளை வைத்து நகர்த்தினாள். வளைவு வளைவோடும், பாறை பாறையோடும் பொருந்தின.

சதுரம் ஒரு மொட்டைமாடியின்மேல் விழுந்தது. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. உடைந்த மூடிக்குப் பதிலாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அந்த டப்பைக் கவிழ்த்து வைத்தது மாமியார்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். கணவனுக்குப் பக்கத்தில், சுவரின் குறுக்கே ஒல்லியாக நீண்ட அந்த ஜன்னல். காற்றே வராது, கடல் மட்டும்தான் தெரியும் என்று கோடைதோறும் அவள் திட்டுகிற ஜன்னல்.

நாலாவது ஆணி 'டங்'கென்று தெறித்து அவள் காலடியில் விழுந்தது.

அவள் லென்ஸைத் துடைத்தாள். மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"என்னம்மா, எட்டாவது?"

"அதைக் கடல் கொண்டுபோயிடுச்சு சார்."